பிள்ளைக்காசும் பால் நேரமும்

வாப்பா மௌத்தாகி நாற்பது கழிந்த பிறகு அவருடைய மரப்பெட்டியைத் திறந்தோம். பழைய அடையாள அட்டை, ஒரு முழக்கோல், ஐந்து கடன் கொப்பிகள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கம்பளையிலிருந்து ரயிலேறி ஹற்றனில் இறங்கி, புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறியிறங்கிய மனிதர் அவர். கொப்பிகளில் ஆட்பெயரைவிட இடப்பெயரே அதிகம். "மேற்கணக்கு, பீலிக்கரை லயம், கோடிக் காம்பரா" என்று எழுதி, பக்கத்தில் சீத்தைத் துணி மூன்று யார், சாரம் ஒன்று, பிள்ளைச்சட்டை இரண்டு என்று பதிந்திருப்பார். சில வரிகளின் ஓரத்தில் மட்டும் "பி.கா." என்று இரண்டு எழுத்துகள்.

"பிறகு காசு" என்றுதான் நான் நினைத்தேன். கடன் கொப்பியில் வேறென்ன இருக்கப்போகிறது? உம்மாவிடம் காட்டினேன்.

"பிள்ளைக்காசு. புள்ள பெத்த பொம்புளைக்குத் தோட்டத்தால குடுக்கிற சல்லி. அது கெடைக்கிற மாசத்துலதான் வாப்பாட பழைய கடனெல்லாம் தீரும்" என்றார்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகத் தோட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து வருகிறேன். பிள்ளைக்காசு என்பதன் சட்டப்பெயர் எனக்குத் தெரியும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கம். பிள்ளை பெற்றவளின் உடம்பு தேறுவதற்கென்று எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் காசில் எங்கள் வீட்டிலும் சோறு வெந்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். வாப்பா அநியாயக்காரர் அல்லர். விற்ற பொருளுக்குத்தான் காசு வாங்கினார். ஆனாலும் அந்த இரண்டு எழுத்துகள் என்னை விடவில்லை. அவற்றின் வழியே போய் நான் தேடிக்கொண்டதை இங்கு எழுதுகிறேன்.

*

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் மாதங்களில் மன்னார் வழியே நடந்து வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் கண்ட பூஞ்சண நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே இல்லாமலாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார்.

பயிர் மாறியபோது தொழிலாளியும் மாற வேண்டியதாயிற்று. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என்று ஒன்றில்லை. வாரத்துக்கொரு முறையாவது அதே செடிக்குத் திரும்பி வந்து கொழுந்தெடுக்க வேண்டும். வருடம் முழுவதும் மலையில் நிற்கும் கைகள் தேவைப்பட்டன. அவை குறைந்த கூலிக்குக் கிடைக்கவும் வேண்டியிருந்தது. குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்ததன் காரணம் இதுதான். பெண் வந்தாள். அவளோடு பிள்ளைப்பேறும் தோட்டத்துக்குள் வந்தது.

துரைமாரின் கணக்கில் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. இன்றைக்கு ஒரு கூடை குறைகிறது. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கூடை கூடுகிறது. தோட்டத்துத் தாய்மாருக்காகப் பின்னர் எழுதப்பட்ட விதிகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான இழுபறியைக் காணலாம்.

பெரிய கங்காணிக்குத் தலைக்காசு என்றொரு வரும்படி இருந்தது. அவன் கூட்டத்தில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குச் சேரும். ஆகவே விடியற்காலைப் பெரட்டில் ஒரு பெண் குறைந்தால் அவனுக்கும் நட்டம். பச்சைப் பிள்ளைக்காரியின் காம்பரா வாசலில் கங்காணி ஏன் போய் நின்றான் என்பதற்கு அவன் குணத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அவனுடைய வருமானம் அப்படி அமைக்கப்பட்டிருந்தது.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இல் ஒரு சட்டம் வந்தது. அது பல முறை திருத்தப்பட்டு, 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமாக உருப்பெற்றது. தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் போதிய உணவும் இருப்பிடமும் கிடைக்கச் செய்வதும், அந்த ஒரு மாதம் அவளை வேலைக்கு அழைக்காதிருப்பதும் துரையின் கடமை என்று அது விதித்தது. இந்த "ஒரு மாதம்" என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நூறு வருடங்களுக்குப் பிறகும் அது நம்மைச் சந்திக்க வரும்.

1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் பாதத்தைத் துளைத்து ஏறும் அந்தப் புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். கர்ப்பிணியின் இரத்தசோகைக்கு அது பெரிய காரணம். மருந்து கொடுத்தார்கள், மலசலகூடம் கட்டச் சொன்னார்கள். மருந்துக்கு ஒப்புக்கொண்ட தோட்டங்கள் பல மலசலகூடச் செலவுக்குத் தயங்கின. மருந்து குடித்தவள் மறுநாள் அதே மண்ணில்தான் கால் வைத்தாள்.

*

கூலிக்கு வருவோம். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் 1927இல் நிறைவேறி, 1929இல் நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். பெண்ணுக்குப் பதினொரு சதம் குறைவு. வேலை நேரமோ அவளுக்குத்தான் நீளம். கவ்வாத்து வெட்டும், முள்ளுக் குத்தும் ஆண்கள் பகலோடு திரும்பிவிடுவார்கள். கொழுந்தெடுப்பவள் அந்தி நிறுவை முடியும்வரை நிற்க வேண்டும். அதன்பிறகு பீலிக்குப் போய்த் தண்ணீர், மிலாறு விறகு, அடுப்பு. அவளுடைய சம்பளத்தை மேசையில் கைநீட்டி வாங்குபவன் பெரும்பாலும் புருஷன். இலங்கைத் தோட்டப் பெண்களைப் பற்றி 1982இல் ஆய்வு வெளியிட்ட ரேச்சல் குரியன் இவற்றை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

உலகத்தில் இக்காலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழில் மாநாடு, பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்றது. வேலைக்குத் திரும்பிய பின் பாலூட்டுவதற்கு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் விட வேண்டும் என்றும் உடன்படிக்கை செய்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கும் வணிக நிலையத்துக்குமான உடன்படிக்கை. தோட்டம் அதற்குள் அடங்கவில்லை. பம்பாயில் பஞ்சாலைப் பெண்கள் கைக்குழந்தைக்கு அபின் உருண்டையைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போன காலம் அது. அங்கே 1929இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் வந்தது. இலங்கையில் பத்து வருடம் கழித்து வந்தது.

1939ஐ எங்கள் வரலாற்றாசிரியர்கள் மறப்பதில்லை. ஜூலையில் நேரு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. நானும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன். அதே வருடத்தில் பிறந்த 32ஆம் இலக்கச் சட்டத்தை ஒருநாளும் எழுதியதில்லை. பிள்ளை பெற்று நான்கு வாரத்துக்குள் ஒருத்தியை வேலைக்கு எடுப்பது குற்றம் என்றும், முன் இரண்டு வாரம், பின் நான்கு வாரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. 1912இன் ஒரு மாதம் இங்கே நான்கு வாரமாகத் திரும்பி வந்திருப்பதைக் காணலாம். உணவுக்குப் பதில் காசு வந்தது பெரிய மாற்றம். தன் உடம்பின் பெயரால் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குச் சட்டம் கொடுத்த காசு அது.

*

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில் எங்களுக்குக் குழந்தை உளவியல் படிப்பித்தார்கள். தாய்-சேய் பிணைப்பு என்று ஒரு பாடம். பரீட்சைக்கு எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன். அதன் பொருளைப் பல வருடம் கழித்து, எங்கள் பாடசாலைக்கு மேலேயுள்ள தோட்டத்தில் முப்பது வருடம் பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டிதான் சொல்லித்தந்தார்.

பிள்ளைக்காம்பரா, பிள்ளைமடுவம் என்றெல்லாம் வழங்கும் அது ஒரு நீளமான அறை. குறுக்கு மரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் வழியில் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலைநாளில் இரண்டு தடவை போகலாம். பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் தடவைக்கு அரை மணி, இல்லாத இடத்தில் ஒரு மணி என்று நம் நாட்டுச் சட்டத்திலும் விதியுண்டு. வாஷிங்டனின் அரை மணி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

"அர மணின்னு சொல்லுவாங்க சேர்" என்றார் அந்த மூதாட்டி. "பத்தாம் நம்பர் மலையில நின்னா எறங்கி வரவே அர மணி. வந்தவ படங்க அவுத்து, கைய கழுவி, புள்ளய எடுக்கங்காட்டியும் கங்காணி சத்தம் போடுவாரு. மல கிட்ட இருந்தா புள்ளைக்குப் பாலு. தூரமா போயிட்டா மாத்தண்ணி. நெறைய பேருக்கு மலையிலேயே ரவுக்க நனைஞ்சிரும். செடியில பீச்சி விட்டுட்டு கொழுந்து எடுப்பாங்க."

நான் பேசாமல் இருந்தேன். சட்டம் நேரத்தை அளந்தது. மலையை அளக்கவில்லை. கொழும்பில் சமதரையில் எழுதப்பட்ட அரை மணியை நுவரெலியா மாவட்டத்துச் சரிவில் வைத்தால் அது பிள்ளையின் வாய்க்கு எட்டுவதில்லை. இன்று எந்த மலையில் கொழுந்து என்பதை முடிவு செய்வது துரையும் கணக்கப்பிள்ளையும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இன்று தாய்ப்பாலா மாவா என்பதையும் அவர்களே, தாங்கள் அறியாமலே, முடிவு செய்துகொண்டிருந்தார்கள். தூரமான மலைக்குப் போனவள் இரண்டு தடவை இறங்கி ஏறினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அரை நாள் கூலி போகும். பல பெண்கள் கணக்குப் பார்த்து இறங்காமலே விட்டார்கள். பால் வற்றியது.

வேலையையும் குடும்பத்தையும் சமாளிப்பது பெண்ணின் கெட்டித்தனம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிற்பது என்பது தன் கையில் இருப்பவளுக்குத்தான் கெட்டித்தனம் உதவும். தோட்டத்தில் தராசு எப்போதும் மற்றவர் கையிலேயே இருந்திருக்கிறது.

*

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்கு முந்திய இரண்டு வருடங்கள் பஞ்ச காலம். ரொட்டிக்கு மாவில்லாமல் லயங்களில் மனிதர் செத்தார்கள். 1974இல் தோட்டப்பகுதிச் சிசு மரணம் நாட்டின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேலிருந்தது. அதன்பின் தோட்டத்து மருத்துவம் மெல்ல மெல்ல நாட்டின் சுகாதார சேவையோடு இணையத் தொடங்கியது. நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. இன்று தோட்டத்துப் பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகிறார்கள். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில்களுள்ள புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது.

1984 ஏப்ரலில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. 1929இன் பதினொரு சதத்தில் தொடங்கிய வித்தியாசம் தீர 55 வருடம் சென்றது. மறுவருடம், 1985இல், மகப்பேற்றுச் சட்டமும் திருத்தப்பட்டது. முதலிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம், 84 நாள். மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் மட்டும்: முன் இரண்டு வாரம், பின் நான்கு வாரம். 1912இன் அதே ஒரு மாதம்! மூன்றாம் பிள்ளைக்காரியின் உடம்பு 1912இல் எப்படியிருந்ததோ அப்படியே 1985இலும் இருக்கும் என்று சட்டம் எண்ணியது போலும்.

அதே எண்பதுகளில்தான் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. ஐந்நூறு ரூபாய். அன்றைய தோட்டக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றால் ஓய்வு பாதி. ஒப்பரேசனுக்குப் போனால் கையில் காசு. இரண்டு விதிகளும் ஒரே திசையில் கை காட்டின. மனமொத்துப் போனவர்களும் இருந்தார்கள். அடுத்தடுத்த பேற்றிலிருந்து விடுபட்டோம் என்று நிம்மதியடைந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய முடிவைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் தோட்டப் பெண்களிடையே இச்சத்திரசிகிச்சை நாட்டின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது ஏன் என்று கேட்கும் உரிமை வரலாறு எழுதுபவனுக்கு உண்டு.

மூன்றாம் பிள்ளைக்கான இந்தப் பாதிக் கணக்கு 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரும்வரை நீடித்தது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இடையில் 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதை அரசு கட்டுப்படுத்தியது, பிறகு தளர்த்தியது. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். அதே நாட்களில் மூன்றாவது பிள்ளை பெற்றவள் நான்கு வாரத்தில் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறியதில் எவருக்கும் சட்டச்சிக்கல் இருக்கவில்லை.

*

என் கையிலுள்ள இன்னொரு ஆவணம் வகுப்பு வரவு இடாப்பு. நான் பாடசாலைக்குப் புதிதாக வந்த வருடங்களில், சில பெண்பிள்ளைகள் திடீரென்று வராமற்போவார்கள். வாரக்கணக்கில் சிவப்புக் கோடு விழும். எச்சரித்திருக்கிறேன், பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா மலைக்குப் போயிருச்சி சேர். தம்பிக்குச் சளி. புள்ளக்காம்பராவுல எடுக்க மாட்டேங்கிறாங்க."

அதன் பிறகு இடாப்பை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தம்பியோ தங்கையோ பிறந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் மூத்தவள் நிற்பாள். வீட்டில் ஏற்கனவே பிள்ளைகள் கூட இருந்தால் அதற்கு முன்பே, ஒரு மாதம் கழிந்ததும் நின்றுவிடுவாள். அந்தக் காலத்தில் காரணம் எனக்கு விளங்கவில்லை. சட்டத்தைப் படித்தபின் விளங்கியது. 84 நாளும் 42 நாளும் என் இடாப்பில் சிவப்புக் கோடுகளாக விழுந்திருந்தன. தாய்க்குக் கொடுக்காத நாட்களை மகளிடம் எடுத்திருக்கிறோம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சாதாரண தரம் எழுதவில்லை. கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவளுடைய பெயருக்கு நேரே கடைசிக் கோட்டைப் போட்டது என் கைதான்.

என் மனைவியும் ஆசிரியை. எங்கள் மகள் பிறந்தபோது அவருக்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. வேண்டுமானால் அடுத்த 84 நாள் அரைச் சம்பளத்தோடு, அதற்குமேல் இன்னுமொரு 84 நாள் சம்பளமின்றி எடுக்கலாம். மகள் நன்றாக வளர்ந்தாள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களில் அது நூற்றுக்கு 32. முதலாம் வகுப்பு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண் தேவைப்படுவதில்லை.

பால்குடியைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு இரண்டு வருடம் என்று திருமறையின் அல்பகரா அத்தியாயம் காலம் குறிக்கிறது. பாலூட்டுபவளின் உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு என்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கு இடர் செய்யலாகாது என்கிறது. இதை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். நம் கடைகளின் வாசலில் நின்ற பெண்களோடு சேர்த்து அதை நினைத்துப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி. பாலூட்டுபவளின் உணவுக்கென வந்த காசு உடைக்கடனாக எங்கள் மூட்டைக்குத் திரும்பியிருக்கிறது.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். பிரசாவுரிமை, காணி, சம்பளம் எல்லாம் பேசப்பட்டன. பேச வேண்டியவைதாம். ஆனால் பிள்ளைக்காம்பராவின் வரலாற்றை எந்த ஆவணத்தை வைத்து எழுதுவது? துரைமாரின் குறிப்புகளில் அது கொழுந்துக் கணக்கின் அடியில் கிடக்கும். ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவைக் கடைத்தெருக்களில் தலைமுறையாக இருந்தவர்கள் நம்மவர்கள். மூட்டை சுமந்து லயத்துக்குள் போனவர்களும் நம்மவர்கள். எத்தனையோ வீடுகளின் அட்டாளைகளில் இப்படிக் கடன் கொப்பிகள் கிடக்கக்கூடும். வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அவற்றை எரிக்காதீர்கள், பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு பெண் எந்த மாதம் பிள்ளை பெற்றாள், எந்த மாதம் கடன்பட்டாள், எப்போது மறுபடி கூலி வாங்கினாள் என்பது அவற்றில் இருக்கிறது. வெட்கப்பட வேண்டிய வரிகளும் இருக்கும். இருக்கட்டும்.

வாப்பாவின் கொப்பிகளில் ஒன்றை அந்த ஆயாம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கங்களைப் புரட்டி லயத்தின் பெயர்களை நான் வாசிக்க, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பீலிக்கரை லயத்துக் கோடிக் காம்பரா என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த வரியில் இரண்டு பிள்ளைச்சட்டை, சீத்தைத் துணி மூன்று யார், ஓரத்தில் பி.கா.

"அது நாங்க இருந்த காம்பராதான் சேர்" என்றார். சற்று நேரம் கொப்பியையே பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"நானாவுக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்குங்களா?"

இல்லையம்மா, எல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டீர்கள் என்றேன். அவர் பக்கத்தில் பாக்கி எதுவும் இல்லை.